விளிம்புக்கு மேலே ஒரு வட்டம்: ஹொக்குசாயின் அமிதா அருவி

கட்சுஷிகா ஹொக்குசாய் வரைந்து, எடோ நகரத்துப் பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி 1833 வாக்கில் வெளியிட்ட எட்டு அருவி அச்சோவியங்களில் ஒன்று மற்ற ஏழிலிருந்தும் விலகி நிற்கிறது. மலை உச்சியில் வட்டமாக ஒரு குடைவு. அதற்குள் ஆற்று நீர் நெளிந்து சுருண்டு திரள்கிறது. நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் வளைகோடுகள் அதன் ஓட்டத்தைக் காட்டுகின்றன. வட்டத்தின் அடியில் ஒரு விளிம்பு. அதைத் தாண்டியதும் வளைவுகள் அற்றுப்போகின்றன. நீர் நூல்பிடித்தாற்போல் நேர்க்கோடுகளாக இறங்குகிறது. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பாறைத் திட்டு ஒன்றில் மூன்று பேர் இருக்கிறார்கள். இருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்க, பணியாளாகத் தோன்றும் மூன்றாமவர் அடுப்பில் எதையோ சூடாக்குகிறார். கிசோ சாலைக்கும் அப்பால், உள்ளொடுங்கிய மலைப்பகுதியில் இருக்கும் அமிதா அருவி என்று தலைப்பு சொல்கிறது. அமிதா என்பது அமிதாப புத்தர். அளவற்ற ஒளியுடையவர், மேற்கே தூய நிலம் என்னும் உலகை உடையவர், தம் பெயரை நம்பி உச்சரித்தவர்களைச் சாகும் தறுவாயில் தாமே வந்து அழைத்துச் செல்பவர் என்று ஜப்பானியப் பௌத்தர்கள் நம்பும் தெய்வ வடிவம்.

இந்தப் படத்துக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் எளிமையானது. அருவியின் தலைப்பகுதியில் உள்ள வட்டமான குடைவு அமிதாவின் தலையையோ தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்தையோ ஒத்திருக்கிறது. அருவிக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. ஓவியர் அதை வரைந்தார். இதன்படி குறியீடு இயற்கையிலேயே தயாராக இருந்தது, ஹொக்குசாய் அதைப் பதிவு செய்தவர் மட்டுமே. இந்த விளக்கம் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் மாற்றி வைக்கிறது என்பதே என் வாதம். படத்தில் உள்ள வட்டம் பாறையிலிருந்து வந்ததன்று, பெயரிலிருந்து வந்தது. புத்தரின் உருவத்தைத் தீட்டாமல், கோட்டையும் கோணத்தையும் மட்டும் கொண்டு, ஒரு பெயருக்கு ஹொக்குசாய் கண்ணால் காணக்கூடிய உடல் ஒன்றைக் கட்டியிருக்கிறார். அதை அவர் எப்படிச் செய்தார் என்று பார்த்தால்தான் படத்தின் குறியீடு எந்த வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும்.

முதலில் அருவியைப் பற்றி. அமிதா அருவி இன்றைய கிஃபு மாகாணத்தில், குஜோ நகராட்சிக்கு உட்பட்ட ஷிரோத்தோரி பகுதியில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து ஒரே பாய்ச்சலாக விழும் அருவி இது. அடியில் நிற்பவருக்கு விழும் நீரும் அதைச் சுற்றிய பாறையும் தெரியும். மேலே ஆறு எந்த வடிவத்தில் திரண்டு வருகிறது என்பது தெரிய வழியே இல்லை. பெயருக்கு உள்ளூர் மரபு தரும் காரணமும் பாறையின் வடிவத்தோடு தொடர்புடையதன்று. ஹாக்குசான் மலை வழிபாட்டைச் சேர்ந்த துறவி ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் அருவியருகே உள்ள குகையில் வேள்வித் தீ வளர்த்துத் தவம் செய்தபோது அமிதாவின் காட்சி அவருக்குக் கிடைத்தது என்பதே அந்த மரபு. இந்தப் பின்னணி தற்செயலானதும் இல்லை. 2702 மீட்டர் உயரமுள்ள ஹாக்குசான், தைச்சோ என்ற துறவி 717இல் முதன்முதலாக ஏறித் திறந்துவைத்ததாகச் சொல்லப்படும் புனித மலை. அதன் மூன்று சிகரங்களுக்கும் உரிய தெய்வங்கள் மூன்று பௌத்தத் திருவுருவங்களின் வெளிப்பாடுகளாகக் கருதப்பட்டன. அவற்றுள் ஓனான்ஜி சிகரம் அமிதாவுக்கு உரியது. மலையேறும் அடியார்களின் வழியில் இருந்த ஓர் அருவிக்கு அமிதாவின் பெயர் அமைந்ததற்கு ஒரு துறவியின் காட்சியும் ஒரு மலையின் வழிபாட்டு முறையும் போதுமான காரணங்கள். வட்டமான பாறை தேவைப்படவில்லை.

ஹொக்குசாய் அந்த இடத்துக்குப் போனதற்குச் சான்று கிடையாது. போகவில்லை என்று கருதுவதற்கான தடயம் தலைப்பிலேயே இருக்கிறது. அருவி கிசோ சாலையில் இல்லை; அந்தப் பெருவழியிலிருந்து மேற்கே வெகு தொலைவில், வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. எடோவில் இருந்த ஒருவருக்கு அந்தத் திசையில் தெரிந்த ஒரே பெரிய பெயர் கிசோ சாலை என்பதால் ‘அதற்கும் அப்பால்’ என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பயண வழிகாட்டி நூல்களும் புனிதத் தலங்களின் பட்டியல்களும் எடோவில் மலிந்திருந்த காலம் அது. ஓவியர் கையில் இருந்தவை அந்தப் பெயரும், அது ஒரு புனித அருவி என்ற செய்தியும், இவற்றுக்கு மேல் மிகக் கொஞ்சமும்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது படத்தின் திறவுகோலாகப் படுகிறது. நேரில் பார்த்தவருக்குப் பாறை தடையாக இருந்திருக்கும். பெயரை மட்டும் கேட்டவர் அந்தப் பெயருக்கு என்ன வடிவம் பொருந்தும் என்று யோசிக்கும் விடுதலையைப் பெற்றார்.

அந்த வடிவம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விளிம்புக்குக் கீழே உள்ள பகுதி, எதிரே நின்று நேராகப் பார்த்த காட்சி. நீர்த்தாரைகள் செங்குத்தாக நிற்கின்றன. பாறைச் சுவர்கள் இரு பக்கமும் உயர்கின்றன. விளிம்புக்கு மேலே உள்ள வட்டமோ வேறொரு கண்ணின் காட்சி. எதிரே நிற்பவருக்கு ஆற்றின் மேற்பரப்பு ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். நேர் மேலேயிருந்து குனிந்து பார்ப்பவருக்கே அது விரிந்து கிடக்கும். ஹொக்குசாய் மேலேயிருந்து பார்த்த நீர்ப்பரப்பைத் தூக்கி நிறுத்தி, எதிரேயிருந்து பார்த்த அருவியின் தலையில் வைத்திருக்கிறார். கிடையாக இருக்க வேண்டிய நீர் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறது. இரண்டு பார்வைகளுக்கும் இடையே உள்ள மூட்டு அந்த விளிம்பு ஒன்றே. விந்தை என்னவென்றால், படத்தைப் பார்க்கும் கண் இந்த முரணை உடனே உணர்வதில்லை. அதற்கு முன்பே வட்டம் வட்டமாகப் பதிந்துவிடுகிறது.

இதைத் தொலைவுக் காட்சி முறை அறியாத கீழை ஓவியரின் பிழை என்று தள்ள முடியாது. ஐரோப்பிய முறையில் ஒற்றைப் புள்ளியை நோக்கிக் கோடுகள் குவியும் படங்களை ஹொக்குசாய் தம் இளமையிலேயே, ஷுன்ரோ என்ற பெயரில் வேலை செய்த 1780களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் செய்திருக்கிறார். விதியை அறிந்தவர் அதை மீறினால், மீறலுக்கு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கத்தின் ஒரு பாதியை அவருடைய பாடநூல் ஒன்று விளக்குகிறது. 1812இல் வந்த ‘ர்யாகுகா ஹயாஓஷியே’ என்ற வரைகலைக் கையேட்டின் முதல் பகுதியில், மனிதர், விலங்கு, பறவை என எந்த உருவத்தையும் கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டு, வட்டத்திலிருந்தும் சதுரத்திலிருந்தும் எழுப்ப முடியும் என்று மாணவர்களுக்கு வரைந்து காட்டுகிறார். உலகின் வடிவங்கள் அனைத்தும் இந்த இரண்டிலிருந்து பிறப்பவை என்பது அவருக்கு ஒரு கற்பிக்கும் உத்தியைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. அமிதா அருவியை அந்தக் கையேட்டோடு வைத்துப் பார்த்தால் படத்தின் எலும்புக்கூடு துலங்குகிறது. மேலே கவராயம், கீழே அளவுகோல். பொதுவாக அவர் உருவத்துக்குள் மறைத்துவிடும் துணைக்கோடுகளை இங்கே உருவமாகவே விட்டுவைத்திருக்கிறார்.

நோக்கத்தின் மறு பாதி, பாறைத் திட்டில் இருக்கும் மூவரைக் கவனித்தால் தெரியும். அவர்கள் இருப்பது விளிம்பின் மட்டத்துக்குக் கீழே. அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து விழும் நீர் தெரியும், அதன் இரைச்சல் கேட்கும், சாரல் படும். வட்டம் தெரியாது. படத்துக்கு உள்ளே இருக்கும் எவர் கண்ணுக்கும் படாத ஒன்று, படத்துக்கு வெளியே, எடோவில் ஏதோ ஒரு கடையில் சில்லறைக் காசு கொடுத்து அந்தத் தாளை வாங்கியவருக்கு மட்டும் தெரிகிறது. குகைத் துறவிக்குத் தவத்தின் பயனாகக் கிடைத்ததாகச் சொல்லப்படும் காட்சியின் இடத்தில் ஓவியர் தம் காட்சிக் கோணத்தை வைத்திருக்கிறார். சாதாரணப் பயணிக்குத் தெரிவதற்கும் அருள் பெற்றவருக்குத் தெரிவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உருவத்தையும் வரையாமல் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தோன்றவில்லை. அமிதா படத்தில் ஒரு பொருளாக வைக்கப்படவில்லை. பார்க்கும் நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் அவர் இருக்கிறார்.

ஜப்பானிய மரபில் இதற்கு முன்னோடிகள் இருக்கின்றன என்பது என் வாசிப்பை உறுதிப்படுத்துகிறது. தோக்கியோவின் நெஸு அருங்காட்சியகத்தில் உள்ள நாச்சி அருவி ஓவியம் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பட்டுத்துணி ஓவியம். நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. 133 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நாச்சி அருவி அங்கே தெய்வத்தின் இருப்பிடமாக மட்டுமன்றித் தெய்வமாகவே தீட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர்த் தெய்வங்கள் புத்தர்களும் போதிசத்துவர்களும் எடுத்த வடிவங்கள் என்ற நடுக்காலக் கோட்பாட்டின்படி, நாச்சியின் நீர் ஆயிரம் கைகளுடைய கன்னோனின் வெளிப்பாடு. ஆனால் அந்தப் பட்டில் கன்னோன் இல்லை. இருள் படிந்த மலை, அதிலிருந்து இறங்கும் ஒரு வெண்கோடு, மலை முகட்டுக்கு மேலே பாதி எழுந்த பொன்வட்டம், இவ்வளவுதான். இன்னொரு வரிசை, மலைக்கு அப்பாலிருந்து எழுந்து வரும் அமிதாவைக் காட்டும் ஓவியங்கள். கியோத்தோவின் ஸென்ரின்ஜி கோயிலில் உள்ள கமக்குரா கால ஓவியத்தில், அடுக்கடுக்கான மலைகளுக்குப் பின்னிருந்து முழுநிலாவைப் போன்ற பெரிய ஒளிவட்டத்தோடு அமிதா எழுகிறார். அதே நகரின் கொன்காய்கோம்யோஜியில் உள்ள மடிப்புத் திரையில் அமிதாவின் கைகளில் நூல்களின் எச்சம் இன்றும் இருக்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர் படுக்கைக்கு அருகே அந்தத் திரையை விரித்து, புத்தரின் கையிலிருந்து வரும் ஐவண்ண நூல்களை அவர் பிடித்துக்கொள்ளச் செய்வார்கள். மலைமுகட்டுக்கு மேலே ஒரு வட்டம். அங்கிருந்து கீழே இருப்பவரை நோக்கி இறங்கும் இழைகள். ஹொக்குசாயின் அருவியை இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கும்போது ஒப்புமை கண்ணைப் பறிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹொக்குசாய் இந்தக் குறிப்பிட்ட ஓவியங்களைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. கோயில்களின் உடைமையாக இருந்த பழைய ஓவியங்கள் எடோவின் அச்சோவியர் ஒருவர் நினைத்தபோது பார்க்கக் கூடியவை அல்ல. ஆனால் அமிதாவின் உருவ மரபு அவர் காலத்துச் சாதாரண மக்களிடம் வெகுவாகப் புழங்கியது. அவர் பிறந்து வளர்ந்த ஹொன்ஜோ பகுதியின் பக்கத்தில் இருந்த எக்கோஇன் கோயில், தொலைதூரத் தலங்களின் திருவுருவங்களை எடோவுக்குக் கொண்டுவந்து மக்கள் தரிசனத்துக்கு வைக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பேர்போனது. ஸென்கோஜி அமிதா அங்கே எழுந்தருளியபோது கூட்டம் அலைமோதியது. தலைக்குப் பின்னே வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கி வரும் கதிர் என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள ஹொக்குசாய்க்கோ, அவருடைய படத்தை வாங்கியவருக்கோ கியோத்தோ போகவேண்டிய தேவை இருக்கவில்லை. பெயரைப் படித்த கண் அடுத்த நொடியே வட்டத்தில் ஒளியைக் கண்டிருக்கும்.

இந்த வாசிப்புக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஹொக்குசாயின் சொந்தச் சமய நம்பிக்கையைப் பற்றியது. அவர் வழிபட்டது துருவ நட்சத்திரத்தின் தெய்வமான மியோக்கெனை. வடக்கைக் குறிக்கும் ஹொக்குசாய் என்ற பெயரே அந்தப் பக்தியிலிருந்து வந்தது. எடோவில் அவர் சென்று வணங்கிய யனாகிஷிமா மியோக்கென் கோயில் நிச்சிரேன் பிரிவைச் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரிவை நிறுவிய நிச்சிரேனோ, அமிதாவின் பெயரைச் சொல்லி முக்தி தேடும் வழியைக் கடுமையாகக் கண்டித்தவர். அப்படிப்பட்ட மரபில் நின்ற ஒருவர் அமிதாவைப் போற்றி ஒரு படம் செய்வாரா? இந்தக் கேள்விக்கு எளிய பதில் ஒன்று உண்டு: ஹொக்குசாய் 1849இல் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்ட அசாக்குசாவின் செய்க்கியோஜி, தூய நிலப் பிரிவுக் கோயில். ஆனால் இதை நான் சான்றாகப் பயன்படுத்த மாட்டேன். தொக்குகவா ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு கோயிலில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவரின் கல்லறை எந்தக் கோயிலில் இருக்கிறது என்பது அவர் குடும்பப் பதிவைச் சொல்லுமே தவிர அவர் உள்ளத்தைச் சொல்லாது. சரியான பதில் வேறு. ஹொக்குசாய் தூய நில நம்பிக்கையை அறிக்கையிடுகிறார் என்று நான் வாதிடவில்லை. ஒரு தலத்தின் பெயரில் உறைந்திருக்கும் பொருளைப் படத்தின் மொழியில் எழுப்புவது ஒன்று, அந்தப் பொருளை ஓவியர் தாம் நம்புவது இன்னொன்று. எழுபது வயதைத் தாண்டியிருந்த, 1820களின் பிற்பகுதியில் நோயையும் மனைவியின் இறப்பையும் பணநெருக்கடியையும் கண்டிருந்த ஒரு கிழவர் மரணத்தை எண்ணி வரைந்த படம் இது என்று சொல்ல ஆசை எழலாம். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. படத்தில் உள்ள சான்றுகள் அதைத் தாங்காது.

இரண்டாவது மறுப்பு வணிகத்தைப் பற்றியது. இது பக்திப் படமன்று. சுற்றுலா மோகத்தை நம்பி ஒரு பதிப்பாளர் இறக்கிய சரக்கு. புஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் நன்றாக விற்றதைத் தொடர்ந்து வந்த தொடர் இது. பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள் வணங்கவில்லை, உணவும் பானமுமாக இளைப்பாறுகிறார்கள். இந்த மறுப்பில் உள்ள உண்மைகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம். முடிவு மட்டும் பின்தொடரவில்லை. எடோ காலத்தில் பொதுமக்கள் ஊர்விட்டு ஊர் போக அனுமதி தேவைப்பட்டது. அதைப் பெறுவதற்கு மிக எளிய காரணம் தலயாத்திரை. 1830இல் இஸே கோயிலை நோக்கி லட்சக்கணக்கானோர் கிளம்பிய பெருயாத்திரையில் வழிபாடும் கொண்டாட்டமும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. கோயில் நகரங்களில் உணவகமும் நாடகக் கொட்டகையும் சன்னிதியும் அடுத்தடுத்து இருந்தன. சிரிப்பும் சாப்பாடும் இருக்கும் இடத்தில் புனிதம் இருக்க முடியாது என்ற எண்ணம் அந்தச் சமூகத்துக்கு உரியதன்று. இந்தத் தொடரிலேயே சான்று இருக்கிறது. சகாமி நாட்டின் ஓயாமா மலையில் உள்ள ரோபென் அருவியை வரையும்போது, மலையேறும் முன் தூய்மை பெற நீரில் இறங்கி நெருக்கியடித்து நிற்கும் ஆண்களின் கூட்டத்தை அவர் காட்டுகிறார். கோயிலுக்குக் காணிக்கையாக்கும் நீண்ட மரவாளும் அதில் உண்டு. சாகானோஷித்தாவின் கியோத்தாக்கி கன்னோன் அருவியில் மலைச்சரிவுக் கோயில் வருகிறது. வழிபாட்டை வழிபாடாக, அடியார்களையும் கட்டடத்தையும் கொண்டு காட்ட வேண்டிய இடத்தில் அவர் தயங்காமல் காட்டினார். அமிதா அருவியில் மட்டும் அடியாரும் இல்லை, கோயிலும் இல்லை. தொடரின் மிகப் புனிதமான பெயரைத் தாங்கிய படத்தில் வழிபாட்டின் வெளிச்சின்னங்கள் அத்தனையும் விலக்கப்பட்டிருப்பதை, அங்கே புனிதத்துக்கு அவர் வேறொரு இடம் கண்டுவிட்டார் என்பதற்கான சான்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு கலை வரலாற்றாளர்களிடமிருந்து வரக்கூடியது. எட்டு அருவிகளிலும் நீருக்கு எட்டு வேறு வடிவங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. தொடரின் மையச் செய்தி வடிவச் சோதனைதான். அமிதா அருவியின் வட்டம் அந்த எட்டில் ஒன்று, அதற்கு மேல் அதில் பொருள் தேடுவது வீண். நிக்கோவின் கிரிஃபுரி அருவியில் நீர் பாறைகளுக்கு இடையே மரத்தின் வேர்களைப் போலப் பிரிந்து பரவுகிறது என்பது உண்மை. ஓனோ அருவி அசையாத தூணாக நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் வீரர் யொஷிட்சுனே தம் குதிரையைக் கழுவியதாகச் சொல்லப்படும் யொஷினோ அருவி படத்தின் ஒரு மூலையிலிருந்து பாம்பாக வளைந்து இறங்குகிறது. தலைநகரத்திலேயே இருந்த அவோய்காஓகா, நீர்த்தேக்கத்தின் கரையைத் தாண்டி வழியும் நகரத்து நீர். சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் மற்ற ஏழு வடிவங்களும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவை: நீரின் வடிவத்தைப் பாறையும் சரிவும் கரையும் தீர்மானிக்கின்றன. கிரிஃபுரியில் நீர் பிரிவது அங்கே பாறைகள் இருப்பதால். யொஷினோவில் வளைவது மலைமடிப்புகளால். எவ்வளவு மிகைப்படுத்தினாலும், ஒரு கண் ஓரிடத்தில் நின்று பார்த்தால் தோன்றக் கூடிய காட்சியின் எல்லைக்குள் அவை இருக்கின்றன. அமிதா அருவியின் வட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் அது அப்படித் தெரியாது. தொடரின் விதியைத் தொடரின் ஒரே ஒரு படம் மீறுகிறது, அந்தப் படம் அமிதாவின் பெயரைத் தாங்கியது. இரண்டும் ஒரே படத்தில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, வடிவச் சோதனையையும் குறியீட்டையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு. சோதனை என்பது வழி. அந்த வழியில் சென்றதால்தான் உருவச் சிலையின் உதவியில்லாமல் குறியீட்டை எட்ட முடிந்தது.

அச்சின் தொழில்நுட்பமும் இதில் பங்கு வகிக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்த கோட்டுப்படத்தைச் செதுக்குபவர் மலைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். மூலப்படம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. அச்சடிப்பவர் ஈரப்பதமான கொஸோ நார்த் தாளைப் பலகைமேல் வைத்து, மூங்கில் மடலால் பொதிந்த வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். இந்த முறையில் வெள்ளை என்று ஒரு நிறம் பூசப்படுவதில்லை. பலகை தொடாமல் விட்ட இடம்தான் வெள்ளை. அருவியின் ஒளி முழுவதும் வெற்றுத் தாளின் ஒளி. வட்டத்துக்குள் சுழலும் வெண்ணெளிவுகளும் கீழே இறங்கும் வெண்கதிர்களும் அச்சாளர் சேர்த்தவை அல்ல, செதுக்குபவர் குடைந்து நீக்கியதால் கிடைத்தவை. ஒளியைத் தம் பெயராகக் கொண்ட ஒரு புத்தருக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் வாய்த்திருக்க முடியாது என்பது என் எண்ணம். இது ஹொக்குசாய் திட்டமிட்டதா, ஊடகம் தானாகத் தந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மரப்பலகைக்காக வரைந்தவர் அவர். எந்த இடத்தில் தாள் தானே பேசும் என்று அறியாமல் கோடு போட்டிருக்க மாட்டார்.

நீலத்தின் கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது. பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட பிரஷ்யன் நீலம், 1820களின் இறுதியில் சீனாவின் காண்டன் துறைமுகம் வழியாக மலிவாக வரத் தொடங்கியபின் எடோ அச்சகங்களில் வெள்ளமாகப் புகுந்தது. அதற்கு முன் பயன்பட்ட பூச்சாற்று நீலம் வெளிச்சத்தில் எளிதில் வெளிறிவிடும். புதியதோ நிலைத்து நின்றது. நீர் கலக்கும் அளவைப் பொறுத்து இரவின் கருமையிலிருந்து விடியலின் வெளிறல்வரை எல்லாப் படிநிலைகளையும் ஒரே சாயத்தில் தந்தது. ஒரே நீலத்தின் வெவ்வேறு அடர்த்திகளைக் கொண்டு சுழலையும் வீழ்ச்சியையும் ஒரே பொருளாகக் காட்ட முடிந்தது இதனால்தான். இங்கே ஓவியர் ஒருவரின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவதே பொருந்தாது, அச்சு என்பது ஓவியர், பதிப்பாளர், செதுக்குபவர், அச்சாளர் நால்வரின் கூட்டுப் படைப்பு என்று ஒருவர் சொல்லலாம். ஒரே பலகையிலிருந்து எடுத்த பிரதிகளிலேயே நிறத்தின் ஏற்றஇறக்கம் மாறுபடும். முற்பிரதியில் இருக்கும் மென்மையான படிநிலை பிற்பிரதியில் தட்டையாகிவிடுவது வழக்கம். நியாயமான எச்சரிக்கை. அதனால்தான் என் வாதத்தை நிறத்தின்மேல் நிறுத்தாமல் கோட்டின்மேல் நிறுத்துகிறேன். வட்டம், விளிம்பு, நேர்க்கோடு, விளிம்புக்குக் கீழே மனிதர்கள் என்ற அமைப்பு முதன்மைக் கோட்டுப் பலகையில் இருக்கிறது. அது ஹொக்குசாயின் கை. எத்தனை பிரதி எடுத்தாலும் மாறாதது.

கடைசியாக, என் வாதத்துக்கு நானே எழுப்ப வேண்டிய மறுப்பு ஒன்று இருக்கிறது. நாகானோ பகுதியின் ஓபுஸே ஊரில், புரவலர் தக்காய் கோஸானின் ஆதரவில் தங்கியிருந்த ஹொக்குசாய், 1845இல் கன்மாச்சித் திருவிழாத் தேரின் மேற்கூரைக்காக ஆண் அலை, பெண் அலை என்ற இரண்டு ஓவியங்களைத் தீட்டினார். அவற்றிலும் நீர் சுழன்று நடுவில் ஆழமான ஒரு வட்டத்தைத் திறக்கிறது. அங்கே அமிதா இல்லை. அப்படியானால் நீரின் வட்டம் ஹொக்குசாயின் வாழ்நாள் ஈடுபாடு, அமிதாவின் பெயர் அதற்குக் கிடைத்த ஒரு சாக்கு மட்டும் என்று ஆகிவிடாதா? ஈடுபாடு இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதை மறுக்க வேண்டிய தேவையும் என் வாதத்துக்கு இல்லை. ஒரு ஓவியரின் நெடுநாள் தேடலும் ஒரு தலத்தின் நெடுநாள் பெயரும் சந்திக்கும் இடத்தில்தான் இத்தகைய குறியீடு பிறக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நமக்கு வேறொரு படம் கிடைத்திருக்கும். அதோடு ஓபுஸேயின் அலைகள் எங்கே வைக்கப்பட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது. தேரின் மேற்கூரை என்பது கீழே நிற்பவர் தலைநிமிர்ந்து பார்க்கும் இடம். கீழே தேங்கிக் கிடக்க வேண்டிய நீரைத் தலைக்கு மேலே வைத்து, அதன் சுழல் நம்மை நோக்கித் திறக்கும்படி செய்வது அங்கேயும் நடக்கிறது. அதற்கு இடமளித்ததும் ஒரு வழிபாட்டுப் பொருள், கோயில் திருவிழாவின் தேர். நீரின் வட்டத்தை மனிதரின் தலைக்கு மேலே உயர்த்தும்போதெல்லாம் ஹொக்குசாய் அதை எப்படிப்பட்ட இடங்களுக்காகச் செய்தார் என்று தொகுத்துப் பார்த்தால், அமிதா அருவியை வெறும் வடிவ விளையாட்டு என்று சொல்பவர்களுக்குச் சான்று தேடும் பொறுப்பு இன்னும் கூடுகிறது.